ஜெசிந்தா மிஸ்ஸுக்கு நாங்கள் போட்ட நாற்காலி

மைசூர் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. லாரன்ஸ் சார் பேசினார். எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை ஜெசிந்தா மேரியின் கணவர். காலை நேரத்தில் அவர் என்னை அழைத்ததே இல்லை. அதனால் பெயரைப் பார்த்ததுமே நடையை நிறுத்திவிட்டேன்.

"அக்கா, ஜெசிந்தா போயிட்டா" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். "காலைல எந்திரிச்சா. செவுத்தைப் புடிக்காம அடுப்படி வரைக்கும் அவளே நடந்து போனா. பால் வச்சா. அப்புறம் சத்தமே இல்லக்கா. பால் பொங்கி அடுப்பு அணைஞ்ச வாசனைலதான் நான் போய்ப் பார்த்தேன்."

கரையோரம் இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் என்னைத் தாண்டிப் போகிற பெரியவர் ஒருவர் நின்று, "ஏனாய்து மேடம்?" என்று கன்னடத்தில் விசாரித்தார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். அவரும் போய்விட்டார். என்னைவிட வயதில் சிறியவர் ஜெசிந்தா. எனக்கு நினைவஞ்சலி எழுத வேண்டியவருக்கு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்குத் துக்கத்தோடு கோபமும் இருக்கிறது, மறைக்கப்போவதில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள், சிலர் எங்களோடு வேலை பார்த்தவர்கள். ஆனாலும் அவர் வருவதற்கு முன் எங்கள் பள்ளி மைதானம் எப்படி இருந்தது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்போது பி.டி. பீரியட் என்றால் இரண்டு பந்து, ஒரு விசில். பந்து நன்றாக ஆடுகிற பிள்ளைகளிடம் போகும். மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். வரிசையிலும் நிற்க முடியாதவர்களுக்குத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு நீளமான கல் பெஞ்சு இருந்தது. குண்டான பிள்ளைகள், மூச்சிரைக்கிற பிள்ளைகள், தடித்த கண்ணாடி போட்ட பிள்ளைகள், ஓடினால் சிரிப்பார்கள் என்று பயந்த பிள்ளைகள் எல்லாரும் அங்கே. பிள்ளைகள் அதற்கு எக்ஸ்க்யூஸ் கல் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு முறை அதில் உட்கார்ந்த பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்வரை அதிலேயே உட்கார்ந்திருக்கும். நாங்கள் யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை. நிழல் இருக்கிறது, பாவம், உட்காரட்டும் என்றுதான் நினைத்தோம்.

ஜெசிந்தா, கர்நாடக எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியைச் சேர்ந்தவர். அந்த ஊர்த் தமிழும் மைசூர்க் கன்னடமும் அவர் வாயில் ஒன்றாகக் கலந்து கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் விசிலைத் தொடவே இல்லை. நேராகப் போய் அந்தக் கல்லில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார். ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்த நாங்கள், இவரும் பழைய மாஸ்டர் மாதிரி நிழல் தேடுகிறவர்தான் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். அடுத்த வாரம் அவர் பழைய காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கிக் கொண்டுவந்தார். கல்லில் உட்கார்ந்தபடியே பிள்ளைகள் அதை ஒருவருக்கொருவர் போட்டுப் பிடித்தார்கள். பிறகு நின்றபடி. பிறகு கல்லைச் சுற்றி நடந்தபடி. அவர்களை எழுந்து வா என்று அவர் கூப்பிடவே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் கல் காலியாகிவிட்டது.

"அந்தக் கல்லை எடுத்துரச் சொல்லட்டுமா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"பேடா மேடம், வேண்டாம். அது இருக்கட்டுங்க. அதுக்கு வேலை இருக்குது" என்றார் ஜெசிந்தா. மறுநாள் முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கைகளை விரித்துக்கொண்டு அதன்மேல் முனைக்கு முனை நடக்கப் பழகினார்கள். உங்களில் எத்தனையோ பேர் உடம்பைச் சமநிலையில் நிறுத்தக் கற்றுக்கொண்டது அந்தக் கல்லின் மேல்தான். அதற்கு முன் அதன் பெயர் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் கணக்கு டீச்சர். பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்வது எல்லாப் பள்ளிகளிலும் கணக்கு டீச்சர்களின் பிறப்புரிமை. வழக்கம்போல ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். "எடுத்துக்கச் சொல்லு. ஆனா கிரவுண்டுக்கு வந்து அவங்களே பிள்ளைங்ககிட்ட சொல்லிக் கூட்டிட்டுப் போகட்டும்" என்று பதில் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. சேலையைச் சரிசெய்துகொண்டு, சாக்பீஸ் கையோடு கிளம்பிப் போனேன். எட்டாம் வகுப்பு முழுவதும் கயிறு தாண்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அத்தனை கயிறும் நின்றது. எதற்கு வந்திருக்கிறேன் என்று எல்லா முகத்துக்கும் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் ஜெசிந்தா ஒரு நீளக் கயிற்றின் முனையை என் கையில் கொடுத்தார்.

"வந்தது வந்துட்டீங்க, இதைப் புடிச்சுச் சுத்துங்க்கா. உங்க கணக்கு எங்கயும் ஓடிப் போகாது. இதுங்க ஓடறதுதான் நின்னு போயிரும்."

மணி அடிக்கும்வரை நான் கயிறு சுற்றினேன். அடுத்த நாள் தோளைத் தூக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் எனக்கும் அவருக்கும் பீரியட் சண்டை வந்ததுண்டு. ஆனால் அன்று முதல் அவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார், நானும் அவரோடுதான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன்.

மஞ்சுளா என்று ஒரு பெண் இருந்தாள். நாலாம் வகுப்பு. பந்து வருகிறது என்றாலே கண்ணை இறுக மூடிக்கொள்வாள், பந்து மூக்கில் படும். சின்னப் பிள்ளைகள் இரக்கம் காட்டுகிற ஜாதி இல்லை, அவள் மூக்குக்கே குறி வைப்பார்கள். அவள் அப்பா வந்து, இந்தப் பெண்ணுக்குப் பி.டி. வேண்டாம் என்றார். ஜெசிந்தா அவரிடம் ஒரு மாதம் தவணை கேட்டார். மறுநாள் ஒரு பலூனோடு வந்தார். பலூன் மெதுவாக இறங்கும், கண்ணை மூடினால் சலித்துப்போகும், திறந்துதான் ஆக வேண்டும். பலூன் பழகியதும் ஒரு மெல்லிய துப்பட்டாவை மேலே எறிந்து பிடிக்கச் சொன்னார். அப்புறம் லேசான பெரிய பிளாஸ்டிக் பந்து. அதற்கப்புறம்தான் நிஜப் பந்து.

"அவ பயந்தாங்கொள்ளி இல்லீங்க்கா. பந்து அவளுக்கு வேகமா வருது, அவ்வளவுதான். மெதுவாக்கிக் குடுத்தா எந்தப் பிள்ளையும் புடிக்கும்" என்றார் சாப்பிட்டுக்கொண்டே. என் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ரகளை, விழுவதைப் பற்றி வந்தது. ஒவ்வொரு வருடமும் சின்ன வகுப்புகளுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது விழுவதற்குத்தான். நீளம் தாண்டுகிற மணல் குழியில் பிள்ளைகளை நிறுத்தி, தலை படாமல், கையை முறித்துக்கொள்ளாமல், பக்கவாட்டில் உருண்டு விழப் பழக்குவார். பிறகு எழுவது. ஒருக்களித்துப் புரள வேண்டும், முட்டி போட வேண்டும், ஒரு காலை முன்னால் ஊன்ற வேண்டும், தொடைமேல் கை வைத்து அழுத்தி எழ வேண்டும். இதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். அடிபடாமல் விழுந்தவரை யாரும் தூக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கலாம். "ஏளு மரி, ஏனூ ஆகில்லா" என்று சொல்லலாம். எழுந்திரு குட்டி, ஒன்றும் ஆகவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ஒரு பாட்டுப்போலப் பிடித்துக்கொண்டார்கள். வராந்தாவில் யார் வழுக்கினாலும் நாலு பக்கமிருந்தும் அந்தக் குரல் கேட்கும்.

ஒரு தாய் கோபமாக வந்தார். ஓடச் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவர் பிள்ளையை விழவைக்கிறாரே என்று தலைமையாசிரியை அறையில் கத்தினார். ஜெசிந்தா குரலை உயர்த்தவில்லை. "விழவே விழாத பிள்ளை இருந்தாச் சொல்லுங்கம்மா, நான் விட்டுடறேன். விழப்போறது நிச்சயம். எந்திரிக்கவும் தெரிஞ்சிருக்கட்டும்னுதான்" என்றார். அந்த அம்மா சமாதானமாகிப் போனாரா என்று எனக்குத் தெரியாது. பிள்ளையை மட்டும் பி.டி.யிலிருந்து நிறுத்தவில்லை.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். அவருக்கும் ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தபோது, ஒரு நாள் மைதானத்தில் விசில் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரும் விழுந்தார். பக்கவாதம். இடது பக்கம்.

ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது கட்டிலைச் சுற்றி ஹார்லிக்ஸ் பாட்டில்களும் ஆரஞ்சுப் பழங்களும் நிறைந்திருந்தன. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "இத்தனை வருஷம் ஓடினது போதும், இனிமே உட்கார்ந்து ரெஸ்ட் எடுங்க." நானும் அதைத்தான் சொன்னேன், சொல்ல வேறென்ன இருக்கிறது. எல்லாரும் போன பிறகு ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வாய் கொஞ்சம் கோணி, சொற்கள் குழறி வந்தன.

"என்னைக் கல்லுல உக்கார வச்சுட்டாங்க்கா."

எந்தக் கல் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஆரம்பித்தார். சரஸ்வதிபுரத்தில் அவர்கள் வீடு சின்னது, கூடத்தில் மூன்று பேர் சேர்ந்து நடக்க முடியாது. அங்கே ஒரு சாயங்காலம் நான் போனபோது, ரயில்வே வேலையில் இரும்பைத் தூக்கிப் பழகிய லாரன்ஸ் சார், கூடத்தின் ஒரு மூலையில் நின்று மனைவியை நோக்கி ஒரு சிவப்புப் பலூனைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா இடது கையால் அதைத் தொட முயன்றார். கை வருவதற்குள் பலூன் தரைக்குப் போய்விட்டது. "மறுக்கா" என்றார். லாரன்ஸ் சார் குனிந்து எடுத்தார். அவர் எத்தனை தடவை குனிந்தார் என்று நான் எண்ணவில்லை, ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரியும். பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பையன் சொன்னதையும் ஜெசிந்தா செய்தார், தன்னுடையதையும் செய்தார். பலூனுக்குப் பிறகு துப்பட்டா. துப்பட்டாவுக்குப் பிறகு பிளாஸ்டிக் பந்து. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்த பாடத்தில் தனக்கென்று ஒரு படியைக்கூட அவர் தாண்டிப் போகவில்லை.

"எதுக்கு இத்தனை அவசரம்?" என்று கேட்டேன்.

"ஸ்போர்ட்ஸ் டே வருதில்லீங்க்கா. கேட்டுல இருந்து கொடிக்கம்பம் வரைக்கும். ஒரே ஒரு தடவை. நானா நடக்கணும். பிள்ளைங்க பார்க்கணும்."

அதைச் சொன்ன அவர் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கெஞ்சலும் இல்லை, வீம்பும் இல்லை. நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்பதுபோலச் சொன்னார். நான்தான் அதைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. உடம்பு முடியாதவர்கள் ஆசையாகச் சொல்கிற பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருட விளையாட்டு விழாவில் அவருக்குச் சன்மானம் செய்வதென்று முடிவாயிற்று. மைசூரில் ஒருவரை மரியாதை செய்வதென்றால் அதற்கு ஒரு முறை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அவரை மேடை நடுவில் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். தலையில் ஜரிகைத் தலைப்பாகை வைக்க வேண்டும், தோளில் சால்வை, கழுத்தில் சந்தன மாலை, மடியில் பழத்தட்டு. சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் எதிலும் குறை வைக்கவில்லை. சிவப்பு வெல்வெட் போட்ட பெரிய நாற்காலி ஒன்றைக் கல்யாண மண்டபத்திலிருந்து வரவழைத்தோம். மேடை என்று உயரமாகப் போட்டால் அவருக்குச் சிரமம் என்று கொடிக்கம்பத்தடியில் தரையிலேயே பந்தல் போட்டோம். காரை நேராகப் பந்தல் வரைக்கும் விட்டுவிட ஏற்பாடு செய்தோம். அவர் ஓரடிகூட நடக்க வேண்டியிருக்காது என்று எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கார் கேட்டுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் நின்றது. கதவு திறந்தது, ஜெசிந்தா இறங்கினார். தூரத்தில் கொடிக்கம்பத்தடியில் அந்தச் சிவப்பு நாற்காலியை அவர் பார்த்ததை நான் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிழலும் போட்டு, நாற்காலியும் போட்டு, பாவம் உட்காரட்டும் என்று நாங்கள் அவருக்கு எக்ஸ்க்யூஸ் கல்லைத்தான் செய்து வைத்திருந்தோம். வெல்வெட் போட்டிருந்தோம், அதுதான் வித்தியாசம்.

வேகமாகப் போய் அவர் கையைப் பிடித்தேன். "கையை விடுங்க்கா" என்றார், மெதுவாக. விட்டேன். லாரன்ஸ் சார் காரடியிலேயே நின்றுவிட்டார். அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது போலும்.

ஓடுகளத்தின் வெள்ளைக் கோட்டின் மேல் கால் வைத்து அவர் நடந்தார். இடது காலை இழுத்து, ஊன்றி, நிதானித்து, மறுபடி இழுத்து. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். பாதி தூரம் தாண்டியிருப்பார். இடது பாதம் மடங்கியது. விழுந்தார்.

பெரியவர்கள் நாங்கள் எல்லாரும் எழுந்துவிட்டோம். சிறப்பு விருந்தினர்கூட ஓட ஆரம்பித்தார். அதற்குள் கோட்டோரத்தில் வரிசையாக நின்றிருந்த ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வகுப்பு மொத்தமும்.

"ஏளு மரி, ஏனூ ஆகில்லா."

விழுந்தவர் டீச்சர் என்பதோ, அவரைக் குட்டி என்று கூப்பிடக் கூடாது என்பதோ அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவே இல்லை. யாராவது விழுந்தால் சொல்ல வேண்டியது அது, அவர்கள் சொன்னார்கள். ஒரு பிள்ளைகூடத் தூக்க ஓடி வரவில்லை. அவர்களைப் பார்த்து நாங்களும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டோம்.

ஜெசிந்தாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஒருக்களித்துப் புரண்டார். முட்டி போட்டார். நல்ல காலை முன்னால் ஊன்றினார். தொடைமேல் கை வைத்து அழுத்தினார். முதல் தடவை வரவில்லை. பிள்ளைகள் விடவில்லை, சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த தடவை எழுந்து நின்றார். சின்னப் பிள்ளை பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதுபோலச் சேலையைத் தட்டிக்கொண்டு மிச்சத் தூரத்தையும் நடந்தார். கொடிக்கம்பத்தை வலது கையால் தொட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றபடியே தலைப்பாகையை வாங்கிக்கொண்டார். படத்தில் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அந்தப் படம் உங்கள் எல்லாரிடமும் இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் ரொம்ப காலம் இருக்கவில்லை. இருந்த காலம் வரைக்கும் நடந்தார். கடைசிக் காலையிலும் நடந்தார் என்பதைத்தான் லாரன்ஸ் சார் முதலில் சொன்னார். நான் கேட்காமலேயே அவர் அதை ஏன் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது.

இறந்தவர்கள் நமக்கு எதையாவது விட்டுப்போகிறார்கள் என்று இப்படிப்பட்ட கட்டுரைகளில் எழுதுவார்கள். என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. விசிலை லாரன்ஸ் சார் சவப்பெட்டியில் ஜெசிந்தாவின் கையில் வைத்தே அனுப்பிவிட்டார். ஆனால் அன்று காலை ஏரிக்கரைக் கல்லில் நான் உட்கார்ந்தேன் என்று சொன்னேன் இல்லையா. அதிலிருந்து என்னால் எழ முடியவில்லை. முழங்கால் வலி எனக்குப் பழையதுதான், இது அந்த வலி இல்லை. போக வேண்டும் என்று தெரிகிறது, உடம்பு வரமாட்டேன் என்கிறது. வெயில் ஏறி, நடக்க வந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்னைக் குட்டி என்று கூப்பிடக்கூடியவர்கள் எல்லாரும் செத்துப்போன வயது எனக்கு. வேறு யாரும் இல்லாததால் நானே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஏளு மரி.

ஒரு காலை முன்னால் ஊன்றி, தொடைமேல் கை வைத்து அழுத்தினேன். முதல் தடவை வரவில்லை. மறுக்கா என்று அவர் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எழுந்து, வழியில் வந்த ஆட்டோவை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, அவர் வீடு வரைக்கும் நடந்து போனேன்.